ஒரு நாள் மாப்பிள்ளை

எழுபதுகளின் தொடக்கம். தை மாதக் கடைசி. கீழ்வேளூருக்குத் தெற்கே, பஸ் நிற்கும் முக்கிலிருந்து வரப்பு வழியாக நடந்தால் வருகிற ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு நாள், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை, நான் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் ரயில் என்று வாழ்கிற ஊர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கால் போன போக்குதான். மதுரையில் ஓட்டல் மேசை துடைத்தேன், தூத்துக்குடியில் உப்பு வாரினேன், கொஞ்ச காலம் லாரியில் கிளீனர். எந்த இடத்திலும் ஒட்டவில்லை. அந்த வருஷம் ஆள் சேர்க்கிறவர் ஒருவர் வந்து, 'தஞ்சாவூர் ஜில்லாவில் சம்பா அறுப்பு, வயிறு நிறையச் சோறு' என்றார். லாரியில் ஏறிவிட்டேன். அங்கே என்ன நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போய் இறங்கினால், வயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடக்கிறது. வரப்பு நெடுகப் பெண்கள் கைகோர்த்து நிற்கிறார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் பல நாளாக அறுப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதும், வெளியூர் ஆளை இறக்கி அறுத்துவிட மிராசுதார் எங்களை வரவழைத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்களின் புருஷன்மாரில் பாதிப் பேர் கலாட்டா கேஸில் உள்ளே இருந்தார்கள். ஒரு பெண் எங்களைப் பார்த்து, "அறுக்கறதுன்னா அறுங்க. எங்க புள்ளைங்க வயித்துலேர்ந்து அறுக்கறதா நெனச்சுக்கிட்டு அறுங்க" என்றாள். கத்தக்கூட இல்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

எங்கள் ஆட்கள் ஒரு ராத்திரி முழுக்கத் தங்களுக்குள் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் வந்த லாரியிலேயே திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. எனக்குக் காய்ச்சல். பஸ் முக்கில் டீக்கடை வைத்திருந்த பாய், கடைக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்துப் படுக்கச் சொன்னார். காய்ச்சல் விட்டதும் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, கிளாஸ் கழுவிக் கொடுத்து அங்கேயே இருந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் சாதி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸில் டீ கொடுத்த கடை அது ஒன்றுதான். அதனால் அறுப்பை நிறுத்தியவர்களின் தெரு ஜனங்கள் அங்கேதான் வருவார்கள்; மிராசுதார் வீட்டு ஆட்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வரப்பில் நின்று பேசிய பெண்ணும் வருவாள். நானும் அவளை எல்லோரையும் போல அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

பிறகு தாலுகா ஆபீசில் பேச்சு நடந்து ஒப்பந்தம் ஆனது. கேட்ட கூலி கிடைத்தது. கூடவே இரண்டு நிபந்தனை. ஊரில் அடுப்பெரிகிற வீட்டு ஆட்கள் மட்டுமே வயலில் இறங்க வேண்டும், வெளியாள் கூடாது. இது தொழிலாளிகள் கேட்டு வாங்கியது. களத்தை ஒட்டிய ஒரு வேலி நிலத்தை, அதாவது ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவானதை, ஒரே நாளில் அறுத்துப் பொழுது சாய்வதற்குள் கட்டெல்லாம் களத்துக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. இது மிராசுதார் கேட்டு வாங்கியது. கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. முற்றிய கதிர் நனைந்தால் முளைத்துவிடும். தவிர, கட்டுத் தூக்கும் ஆண்களில் பாதிப் பேர் ஜெயிலில் இருப்பது அவருக்கும் தெரியும்.

அறுப்புக்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா டீக்கடையில் உட்கார்ந்து விரல் விட்டு ஆள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷனும் உள்ளேதான். புருஷனுடைய தம்பி, அவளுக்குக் கொழுந்தன், பக்கத்தில் இருந்தான். எதையும் கேலியாகவே பேசுகிறவன். "கட்டுத் தூக்க ஆளு எங்க, அண்ணி? நானும் நம்ம ரெண்டு எருமையுந்தான்" என்றான்.

பாய் பாய்லருக்குப் பின்னால் இருந்து, "இங்க ஒருத்தன் சும்மா கெடக்கறானே, கூட்டிட்டுப் போங்க" என்று என்னைக் காட்டினார்.

"வெளியாள் கூடாதுன்னு எழுதி வாங்கினதே நாங்கதான் பாய்."

"வெளியாள் எப்ப உள்ளாள் ஆவான்? நீ சொன்னா ஆவான்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நன்னிலம் பக்கத்தில் அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். அந்தத் தங்கை புருஷனை இந்த ஊரில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. "சரி, நாளைக்கு ஒரு நாள் நீ என் தங்கச்சி புருஷன். அண்ணன் உள்ள இருக்காருன்னு ஒத்தாசைக்கு வந்து எங்க அடுப்புல சாப்புட்டுக்கிட்டு இருக்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், வாயத் தொறக்காத. நீ ஒரு வார்த்த பேசினா ஊரு தெரிஞ்சிடும்."

"மாப்ள ரொம்ப கூச்ச சுபாவம்" என்றான் கொழுந்தன். அவனுக்கு நான் சகலை முறை. அந்த நிமிஷத்திலிருந்தே "சகல, சகல" என்று ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே வயலில் இறங்கிவிட்டோம். நான் பல வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. பெண்கள் வரிசை கட்டி நின்று அறுத்துக்கொண்டே போனார்கள். அரிவாள் சத்தம் மழைத்தூறல் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னால் வருகிறவர்கள் கைப்பிடி கைப்பிடியாக அறுத்துப் போட்ட அரிகளைச் சேர்த்து, வைக்கோலை முறுக்கிக் கயிறாக்கிக் கட்டிப் போடுவார்கள். கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒற்றையடி வரப்பில் விழாமல் களத்துக்கு ஓடுவது எங்கள் வேலை. நடக்கிற வேலை இல்லை, ஓடுகிற வேலை. நின்றால் பாரம் கழுத்தை அமுக்கும்.

எங்கள் ஊரில் வரப்பு என்றால் காய்ந்த மண். இங்கே வழுக்கல். முதல் நடையிலேயே வாய்க்காலில் கட்டோடு விழுந்தேன். கொழுந்தன் என்னைத் தூக்கவில்லை, கட்டைத்தான் முதலில் தூக்கினான். "சகலைய அப்பறம் காய வெச்சுக்கலாம், நெல்லு நனையக் கூடாது" என்றான். வயல் முழுக்கச் சிரித்தது. பிறகு, கட்டைவிரலை மண்ணில் ஊன்றிக் காலை வைக்கும் விதத்தை அவனே நடந்து காட்டினான்.

வேலை மும்முரத்தில் முறை வைத்துக் கூப்பிடுவதுதான் பெரிய கூத்து. அக்காவின் தங்கை புருஷன் என்றால் தெருவில் ஒவ்வொருவருக்கும் நான் ஒரு முறை ஆகவேண்டும். சிலருக்கு மாப்பிள்ளை, சிலருக்கு அண்ணன், சிலருக்குத் தம்பி. கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி கையை நிறுத்திவிட்டு, "இருங்கடி, எனக்கு இவன் பேரன் மொறையா மருமவன் மொறையா? பேரன்னா ஏசலாம், மருமவன்னா முக்காடு போடணும்" என்றாள். "ஏசிக்க பாட்டி" என்று யாரோ சொன்னதும், சாயங்காலம் வரை என்னை அவள் விடவில்லை. பதில் சொல்ல எனக்கோ வாய் கிடையாது. நாள் பூராவும் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு நாள்தான்.

உச்சிப்பொழுதுக்குள் பாதிக்கு மேல் அறுத்தாகிவிட்டது. எல்லோரும் புளியமரத்தடியில் கஞ்சிக்கலயத்தைத் திறந்தார்கள். அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. தப்பு என்று சொல்வதா, மரியாதை என்று சொல்வதா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் தெரு ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் என் சாதிக்காரன் அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்தாலே செய்தி. நான் அவர்கள் கஞ்சியைக் குடிக்க மாட்டேன் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கொழுந்தன் பாய் கடைக்கு ஓடிப்போய் இட்லிப் பொட்டலம் வாங்கிவந்து என் கையில் கொடுத்தான். நானும் பசியில் யோசிக்காமல் பிரித்துவிட்டேன்.

மிராசுதாரின் காரியக்காரர் அந்த நேரம் பார்த்துக் குடையோடு வரப்பில் வந்தார். மிராசுதாருக்காக வயலையும் ஆளையும் பார்த்துக்கொள்கிறவர் அவர். கூர்மையான மனிதர். காலையிலேயே என்னைக் கவனித்து, அக்காவிடம் விசாரித்து, "தங்கச்சி புருஷனா" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது நின்று, என் மடியிலிருந்த இலையைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்கள்ளாம் கஞ்சி குடிக்கறீங்க. ஒன் வீட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் கடை இட்லியா?"

கொழுந்தன்தான் சமாளித்தான். "சகலைக்கு வயிறு சரியில்லீங்க."

"வயிறு சரியில்லாதவன் இந்த ஓட்டம் ஓடறானா?" அவர் குடையை மடக்கினார். "ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? ஊர்ல அடுப்பெரியற வீட்டு ஆளு. இவன் ஒங்க அடுப்புல சாப்பிடறவன்னா, வெளக்கு வெக்கற நேரத்துக்கு வர்றேன். ஒங்க தெருவுல ஒக்காந்து இவன் சாப்பிடறத நான் கண்ணால பாக்கணும். இல்லேன்னா வெளியாள எறக்குனது நீங்க. அப்பறம் நாங்க எறக்குனா கேக்கக் கூடாது."

அவர் போனபிறகு யாருக்கும் கஞ்சி இறங்கவில்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்து, ஜெயிலுக்குப் போய் வாங்கிய ஒப்பந்தம், ஒரு இட்லிப் பொட்டலத்தில் வந்து நிற்கிறது. அக்கா மட்டும் எழுந்து அரிவாளை எடுத்தாள். "முதல்ல கட்டு களத்துக்குப் போவட்டும். சோறு ராத்திரிக்கித்தான" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. சாப்பிடுவாயா என்றும் கேட்கவில்லை. கேட்டு நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

பிற்பகலில் நான் கட்டோடு களத்துக்குப் போகும்போது காரியக்காரர் வரப்பில் கூடவே கொஞ்ச தூரம் வந்தார். குரலைத் தாழ்த்தி, தன்மையாகத்தான் பேசினார். "தம்பி, நீ எந்தப் பக்கத்து ஆளுன்னு ஒன் மூஞ்சிலயே எழுதியிருக்கு. அங்க கை நனைச்சுட்டு நாளைக்கு ஒன் ஊருக்குள்ள எப்படிப் போவே? அப்பா அம்மா இருக்காங்கள்ல? இப்பவே கௌம்பிப் போயிடு. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நடை சுமக்கிற வரைக்கும் அதை யோசித்தேன். சாப்பிடுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. எச்சில் மேசை துடைத்தவனுக்கு என்ன கூச்சம்? ஆனால் ஊரில் அம்மா இருந்தாள். முரட்டு அண்ணன் இருந்தான். எங்கள் ஆட்கள் வந்து போன இடம் இது, செய்தி எப்படியும் போய்ச் சேரும். மூன்றாவது நடைக்கு வந்தபோது, கொழுந்தன் கட்டைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, கேலி எதுவும் பேசாமல், "கழுத்து வலிக்குதா சகல?" என்று கேட்டான். கட்டு உரசி உரசி அவன் தோள்பட்டையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

சூரியன் தென்னை மட்டைக்குக் கீழே இறங்கும்போது கடைசிக் கட்டு களத்துக்கு வந்தது. பெண்கள்கூட அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஆளுக்கொரு கட்டுத் தூக்கி ஓடிவந்தார்கள். கட்டுகளை அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி முடித்ததும் ஒரு சின்னத் தூறல் போட்டது. கிழவி வானத்தைப் பார்த்து, "இப்ப பெய்யி, ஒன் அப்பன் வீட்டு நெல்லா நனையப் போவுது?" என்றாள். மழைக்கே வெட்கம் வந்த மாதிரி தூறல் நின்றுவிட்டது.

அக்கா வீட்டு வாசலில் அடுப்பை மூட்டினாள். உள்ளே மூட்டாமல் வாசலில் மூட்டியது வருகிறவருக்குத் தெரியட்டும் என்றுதான். கொஞ்ச நேரத்தில் தெருவில் மற்ற அடுப்பெல்லாம் அணைந்தது. அவரவர் சட்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்யவில்லை. ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தி புளி. அறுத்த வயலில் பிடித்த நண்டு ஒரு பானை நிறைய இருந்தது. அம்மியில் மிளகாயும் சோம்பும் அரைக்கிற வாசனையிலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்தது.

வரிசையாக உட்கார்ந்தோம். நடுவில் நான், என் இடது பக்கம் கொழுந்தன். அரிக்கேன் விளக்கை என் முகத்துக்கு நேராக வைத்தார்கள். காரியக்காரர் சொன்னபடி வந்து, தெருமுனையில் நிற்காமல் உள்ளேயே வந்து நின்றார். அக்கா என் இலையில் சோற்றைப் போட்டாள். நான் குனிந்து பிசைந்து ஒரு வாய் வைத்தேன். எல்லோரும் மூச்சை விட்டது எனக்கே கேட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்து அவள் நண்டைப் போட்டாள். எங்கள் பக்கத்தில் நெல் வயலும் கிடையாது, வயல் நண்டும் கிடையாது. அதுவரை நான் நண்டு தின்றதே இல்லை. எங்கே பிடிப்பது, எதை உடைப்பது, எதைத் துப்புவது, ஒன்றும் தெரியவில்லை. நன்னிலத்து மாப்பிள்ளைக்கு நண்டு தின்னத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஒரு காலைப் பிடித்து இழுத்தேன். குழம்பு தெறித்துக் கிழவியின் முகத்தில் விழுந்தது. "ஐயோ, எம் பேரன் என்னையும் சேத்துத் திங்கறாண்டி!" என்றாள் அவள்.

கொழுந்தன் சட்டென்று என் இலையிலிருந்த நண்டை எடுத்து, ஓட்டைப் பிளந்து, சதையை எடுத்து என் சோற்றில் வைத்தான். காலைப் பல்லால் கடித்து உடைத்து, உள்ளிருப்பதை எடுத்து வைத்தான். காரியக்காரரை நிமிர்ந்து பார்த்து, "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஒடச்சுக் குடுக்கறது எங்க வழக்கங்க" என்றான். அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்குமே கிடையாது. உடனே இந்தப் பக்கம் இருந்தவரும் ஒரு நண்டை உடைத்து என் இலையில் வைத்தார். எதிரில் இருந்த ஒருவர் எழுந்து வந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் இலையில் சோற்றைவிட நண்டு அதிகம் ஆகிவிட்டது. எல்லாம் அவரவர் கையால், அவரவர் வாயால் உடைத்தது. நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அக்கா கரண்டியோடு நிமிர்ந்தாள். "நீங்களும் ஒக்காருங்கய்யா. காலையிலேர்ந்து வெயில்ல நின்னீங்க."

அவர் உட்காரவில்லை. ஆனால் உடனே போகவும் இல்லை. குழம்புச் சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கட்டெல்லாம் வந்துருச்சு. இவன் சாப்பிட்டதையும் பாத்துட்டேன். மொதலாளிகிட்ட அதத்தான் சொல்லப் போறேன்" என்றார். இரண்டடி நடந்து, திரும்பாமலே, "மாப்பிள்ளைக்கு நண்டு ஒடைக்கத் தெரியலங்கறத சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுகிற வரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கோ நாள் முழுக்க அடக்கி வைத்த பேச்சு. இலையைக் காட்டி, "அக்கா, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்துறீகளா?" என்றேன்.

"ஊத்துறீகளா!" என்றான் கொழுந்தன். அவ்வளவுதான். தெருவே வெடித்துவிட்டது. "ஊத்துறீகளா", "தின்னுறீகளா", "போறீகளா" என்று ஆளுக்கொரு தரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் புருஷன் ஞாபகம் வந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து வந்து எனக்குக் குழம்பு ஊற்றினாள். "பொய்யாத்தான் சொன்னேன், இப்ப நெசமாப் போச்சு. எங்க அடுப்புல சாப்புட்டுட்ட" என்றாள்.

ஒப்பந்தம் நின்றது. அறுப்பு முடியும் வரை அங்கேயே இருந்தேன். மாசியில் அவள் புருஷனும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "நீதான் என் சகலையா?" என்பதுதான். அதன்பிறகு என் கால் சும்மா இருக்கவில்லை, ஒரு நெல் லாரியில் ஏறிக் கிளம்பிவிட்டேன். செய்தி என் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும், "வயிறு நெறஞ்சுச்சா?" என்று கேட்டாள். நிறைந்தது என்றேன்.

பிறகு எத்தனையோ ஊரில், எத்தனையோ பேரோடு வேலை செய்தேன். முகம்கூட நினைவில்லாதவர்கள் அதில் ஏராளம். ஆனால் அன்றைக்கு என் இலையில் நண்டு வைத்த ஒவ்வொரு கையும் இன்றும் எனக்குத் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. நான் சாப்பிடுவேனா மாட்டேனா என்று தெரியாமலே, தங்கள் பட்டினிக்கும் ஜெயிலுக்கும் கிடைத்த ஒரே பலனை என் ஒரு வாய்ச் சோற்றின் மேல் வைத்துவிட்டு நாள் முழுக்க என்னோடு ஓடிய அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம், யாரோ ஒருவர் நம்மை நம்பித் தலையில் ஏற்றிய பாரம் மட்டும் எவ்வளவு காலமானாலும் கழுத்தை வலிக்கச் செய்வதில்லை என்று தோன்றுகிறது.